கோபப்படத் தெரியாத சாமி

சாமி உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது கொட்டாவிதான். கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இயற்பியல் டீச்சர் என்றால் சாமியைப் பற்றி ஒரு முடிவு கைவசம் வைத்திருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கணக்கு டீச்சரிடம் யாரும் கேட்பதில்லை. தமிழ் ஐயாவிடம் கேட்டால் லேசில் முடிக்க மாட்டார் என்ற பயம். அதனால் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, கல்யாணப் பந்தியில் இலை போடும்போது, எட்டயபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று, என்னைத்தான் பிடிப்பார்கள்.

அவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன். "இயற்கைதான் சாமி, அதோட நியதிதான் சாமி" என்பேன். விதி என்ற சொல்லைப் பாடம் நடத்தும்போது மட்டும்தான் சொல்வது. வெளியே சொன்னால் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்டு உச்சுக்கொட்டுவார்கள். நியதி என்றால் யாருக்கும் சட்டென்று புரியாது, பேச்சு அத்தோடு நின்றுவிடும். சாமி கும்பிடுகிறவர்கள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். கும்பிடாதவர்களும் அப்படியே நினைத்துக்கொள்வார்கள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டு முடிப்பேன்.

பேச்சை முடிக்கச் சொன்ன பதில் என்றாலும் பொய்யாகச் சொன்னதில்லை. நான் பிறந்த கரிசக்காட்டு ஊரில் எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்பதை வைத்துத்தான் டம்ளரே தருவார்கள். அங்கிருந்து காலேஜுக்குப் போனவளுக்கு, யார் எறிந்தாலும் கல் கீழே வரும், யார் அடுப்பிலும் தண்ணீர் ஒரே சூட்டில்தான் கொதிக்கும் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. முகம் பார்க்காத, கையூட்டு வாங்காத ஒன்று இந்த உலகத்தில் உண்டு. அதைச் சாமி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது என்று நினைத்தேன். அந்தச் சாமி என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நானும் அதனிடம் எதுவும் கேட்டதில்லை. கல்யாணம் கூடி வராமல் போனபோதுகூட நான் அதோடு சண்டை போடவில்லை. சண்டை போட அங்கே யார் இருக்கிறார்கள்?

என் தம்பி பெண்டாட்டி மட்டும்தான் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வி கேட்டவள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டே என் சாமியைப் பற்றி முழுசாகக் கேட்டாள்.

"அப்பம் ஒங்க சாமிக்கு நாம பேசுதது கேக்குமா மதினி?"

"கேக்காது."

"காதே கெடையாதா?"

"கெடையாது."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "போங்க மதினி, ஒங்க தம்பியும் அதே சாதிதான். நான் வடக்க பாத்துச் சொன்னா அவிய தெக்க பாத்துப் போவாவ. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு பேசினால் எனக்கு அலுப்புத் தெரியாது. அப்படி ஒரு ஆள் எனக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள்.

கரிசல் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் பக்கம் விளைநிலத்துக்குக் காடு என்றுதான் பேர், அதற்குக் கிணறும் கிடையாது, கால்வாயும் கிடையாது. புரட்டாசி கடைசியிலிருந்து பெய்கிற மழைதான். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று இருந்தால் முடியாது. ஈரம் பட்ட கரிசலில் கால் வைத்தால் செருப்பு வராது, டிராக்டர் புதைந்துவிடும். அதனால் மழைக்கு முன்பே, காய்ந்து கிடக்கிற புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பேர். முந்தினால் எறும்பும் மயிலும் தின்னும், பிந்தினால் மழை முந்திக்கொள்ளும். மழையே வராமல் விதை மண்ணுக்குள்ளேயே செத்துப்போன வருஷங்களும் உண்டு. நம்பிக்கை என்ற சொல்லை எல்லோரும் லேசாகச் சொல்கிறார்கள். புழுதியில் உளுந்தைக் கொட்டிவிட்டு வந்து ராத்திரி தூங்குகிறவனிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் அம்மனுக்குக் கொடைத் திருவிழாவும் புரட்டாசியில்தான். கொடைக்கு முந்தின வாரம் கோயில் முன்னால் ஒரு கம்பு நடுவார்கள். கால்நாட்டு என்பது அதுதான். கால்நாட்டிலிருந்து கொடை முடிகிறவரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது, மண்ணைக் கீறக் கூடாது. விதைப்பு கிடையவே கிடையாது. அந்த வாரம் பூமியும் அம்மனுக்கு விரதம் இருக்கிறது என்று சொல்வார்கள்.

போன வருஷம் கால்நாட்டி இரண்டாம் நாளே தெற்கே மேகம் கூடிவிட்டது. விதைப்புக்கு வருகிற டிராக்டர் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வருவது. இன்றைக்கு விட்டால் கொடை கழிந்து பத்து நாள் ஆகும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறான். தம்பி வரச் சொல்லிவிட்டான். வேண்டாம், கொடை முடியட்டும் என்று அவன் பெண்டாட்டி வாசலை மறித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். "மழ ஒன் கொடைக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாட்டி?" என்று அவன் சத்தம் போட்டிருக்கிறான். அவர்கள் மகள், ஒரே பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றவள் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். டிராக்டர் வந்தது, விதைத்தார்கள். ஊர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு நாள் கழித்து நல்ல மழை. அந்த வட்டாரத்திலேயே எங்கள் காடுதான் முதலில் பச்சையாயிற்று. தம்பி எனக்குப் போன் போட்டுப் பெருமை பேசினான்.

ஐப்பசியில் களை எடுக்கும்போதுதான் அது நடந்தது. மத்தியானம் தாண்டியிருக்கும். மற்ற பெண்கள் மேகத்தைப் பார்த்ததும் பாதைக்கு ஏறிவிட்டார்கள். இவள் ஒரு பாத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்று நின்றாள். தூற்றல் விழவும் காட்டு எல்லை வரப்பில், பொழியில், தனியாக நிற்கிற வேப்பமரத்துக்கு ஓடினாள். அந்தக் காட்டில் அது ஒன்றுதான் மரம். கொஞ்சம் தள்ளி வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன, இடி அவற்றில் விழுந்திருக்கலாம். விழவில்லை. மரத்தில் விழுந்தது. அவள் கையில் களைகொத்தி இருந்தது. தம்பி உரம் வாங்கப் போனவன் பாதி வழியில் இடிச்சத்தத்தைக் கேட்டிருக்கிறான். பெரிய சத்தம், எங்கேயோ விழுந்திருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னானாம். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுவான்.

எடுத்துப் போகும் முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. சாமி குத்தம், கால்நாட்டின பிறகு மண்ணைக் கீறினான், அம்மன் கேட்டுவிட்டாள். பந்தலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. விதைத்தவன் உரக்கடைக்குப் போகிற வழியில் இருக்கிறான், வேண்டாம் என்று தடுத்தவள் மரத்தடியில் கிடக்கிறாள். இந்தக் கணக்கு அம்மனுக்கே அடுக்குமா என்று கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அலுப்பாக இருந்தது.

தம்பிக்கு ஊர் சொன்னது போதுமானதாக இருந்தது. மின்னல் ஆள் பார்க்காது என்று நான் சொன்னது போதவில்லை. பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவள், என் பள்ளிக்கூடம்தான். வந்த நாளிலிருந்து அவள் தகப்பனோடு பேசுவதில்லை. அவன் வந்தால் உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் தவறாமல் எனக்குப் போன் போடுவான். "பிள்ள சாப்டுச்சாக்கா?" என்பான். "சாப்டுச்சுலே" என்பேன். பிள்ளை அதே அறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வருஷம் முழுக்க இதே கேள்வி, இதே பதில்.

பிள்ளையை எப்படியாவது தகப்பனிடம் திருப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு என் கையில் இருந்தது என் சாமி ஒன்றுதான். யார் மேலும் குற்றம் இல்லை, மேகத்தில் மின்னேற்றம் சேர்ந்தால் தரையில் உயரமாக இருப்பதைத் தேடும், அவ்வளவுதான் என்று சொன்னால் அவளுக்குத் தகப்பன் மேல் உள்ள கோபம் போகும் என்று நினைத்தேன். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள். முதல் பாடமே மின்னியல். அதன் கடைசியில் இடிதாங்கி வரும். மின்னும்போது வெட்டவெளியிலும் மரத்தடியிலும் நிற்பதைவிட பஸ்ஸுக்குள் இருப்பது நல்லது என்று ஒரு விஷயமும் வரும். வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். தூக்கத்தில் எழுப்பினாலும் நடத்துவேன். இந்த வருஷம் அந்த இடம் வந்ததும் சாக்பீஸை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு நடத்தினேன். அவள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, தலை நிமிராமல், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வகுப்பில் மற்ற பிள்ளைகளும் அசையவில்லை. அவர்களுக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அத்தை, நீங்க சாமின்னு சொல்லுதது இதத்தானா?"

"இதத்தான்."

"இதுக்குக் கோவம் வருமா?"

"வராது."

"அப்பம் அம்மா செத்ததுக்கு யாரும் காரணமில்ல."

"யாரும் இல்லட்டி. அப்பாவும் இல்ல, அம்மனும் இல்ல. அங்கன யாரு நின்னாலும் அதான் நடந்திருக்கும்."

இத்தனை நாள் காத்திருந்த பேச்சு தானாக வந்து வாய்த்துவிட்டது என்று எனக்கு உள்ளூரத் திருப்தி. அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் எனக்குப் புரியுது அத்தை. பரீட்சைலயும் எழுதிருவேன். ஆனா எனக்கு அப்பா மேல கோவம் போகமாட்டேங்கு. ஏன் போகமாட்டேங்கு?" என்றாள். குழம்பைக் கிண்டினேன், உப்புப் பார்த்தேன், கூட்டினேன். அன்றைக்குச் சாப்பிடும்போது உப்புக் கரித்தது. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் சாமி நல்ல சாமிதான். பொய் சொல்லாது, பழி வாங்காது, ஆள் பார்க்காது. ஆனால் அதைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் கோபத்துக்கு முன்னால் வைத்தால் அது சும்மா நிற்கிறது. கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நிரூபித்துவிடலாம், கோபம் அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவதில்லை. எல்லாம் சரியாகப் புரிந்த பிறகும் மிச்சம் இருப்பதற்கு என் படிப்பில் பாடம் கிடையாது. நான் ஓய்வு பெறுகிற வயதில் இதைக் கண்டுபிடித்து என்ன செய்ய?

இந்தப் புரட்டாசியில் காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். விதைக்கடை பாய் கூப்பிட்டார். எங்கள் அப்பா காலத்திலிருந்து அவர்கள் கடையில்தான் விதை.

"டீச்சரம்மா, தம்பி இந்த வருசம் விதைக்கு வரவே இல்லையே. ஊர்ல மத்தவங்க எல்லாம் வாங்கிட்டாங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்குத் தெரியாதே பாய்."

"கேட்டுப் பாருங்கம்மா. மேகம் வேற எறங்குது. எங்க கையில என்ன இருக்கு, மேல உள்ளவன் நாடினது நடக்கும். ஆனா விதையப் போட்டாத்தானே அவன்ட்டயே கேக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். பிள்ளை தானாகவே தலை சீவிக்கொண்டு வந்து நின்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடாமல் ஏறிவிட்டோம். ஊரில் இந்த வருஷம் கொடை முன்பே கழிந்திருந்தது, வழியெல்லாம் உழுது போட்ட காடு, விதைத்து முடித்த காடு. ஊர் வந்ததும் பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை, பஸ் நிறுத்தத்திலேயே நிற்கிறேன் என்றாள். நான் மட்டும் காட்டுக்குப் போனேன்.

தம்பி பொழியில் உட்கார்ந்திருந்தான். அந்த வேப்பமரம் பாதி கருகி, பாதி தளிர்த்து நின்றது. காடு உழவே இல்லை, வெடிப்புவிட்டுக் கிடந்தது. என்னலே இது என்றேன்.

"பூக் கட்டிப் பாத்தேங்கா. அம்மன்கிட்ட உத்தரவு கேட்டேன். ரெண்டு செவ்வாக்கெழம கேட்டாச்சு. ரெண்டு தடவையும் செவப்பு."

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒன்றுபோல இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. "காசு சுண்டிப் பாத்தாலும் ரெண்டு தடவ தல விழும்லே. அது ஒரு அதிசயமா?" என்றேன். டீச்சர் குரலில் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவன் கோபப்படவில்லை.

"ஒன் சாமியப் பத்தி நெறைய யோசிச்சேங்கா. நீ சொல்லுதது நெசமாத்தான் இருக்கும். அப்பம், எம் மேல யாருக்கும் கோவமில்ல. யாரும் செய்யல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்பம் அவ சும்மா செத்தாளா?"

சும்மாதான் என்பதுதான் சரியான பதில். வகுப்பு என்றால் சொல்லியிருப்பேன்.

"சாமி குத்தம்னா நான் பண்ணுன தப்புக்கு நடந்துச்சு. நான் கொட குடுக்கலாம், மொட்ட போடலாம், கால்ல விழலாம். என்னைக்காவது ஒருநா வெள்ளப் பூ வரும், அம்மன் மன்னிச்சிருவா. ஒன் சாமிகிட்ட நான் எப்படிக்கா மன்னிப்புக் கேக்க? அதுக்குக் கோவமே இல்லங்கியே. கோவமே இல்லாததுட்ட மன்னிப்பு எப்படி வாங்க?"

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. மழை நாலைந்து நாளில் வந்துவிடும் போலிருந்தது. இந்தக் காட்டை இப்போது உழுது விதைக்காவிட்டால் ஒரு வருஷம் தரிசு. தரிசு போட்டால் அவன் அடுத்த வருஷமும் போடுவான். பிள்ளை கோவில்பட்டியில், இவன் இங்கே இந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு, நான் நடுவில் சாப்டுச்சா சாப்டுச்சு என்று போனைப் பிடித்துக்கொண்டு. இது இப்படியே எங்கள் ஆயுசுக்கும் போகும் என்று தோன்றியபோது எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "இன்னைக்கும் கேக்கப் போறியா?" என்றேன். ஆமா என்றான். சரி, நானும் வாரேன் என்றேன்.

கோயிலுக்கு நாங்கள் நடந்து வருவதைப் பஸ் நிறுத்தத்திலிருந்து பிள்ளை பார்த்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வந்தாள். தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தான். காது மட்டும் பின்னால் இருந்தது, நடையிலேயே தெரிந்தது.

பூசாரி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். நந்தியாவட்டையையும் சிவப்பு அரளியையும் பூவரச இலையில் பொதிந்து, குலுக்கி, அம்மன் முன்னால் போட்டார். பூ எடுக்கிறது சின்னப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். வழக்கமாக எடுக்கிற அவர் பேத்தி லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். "அதுக்கென்ன, ஒங்க பிள்ளையே எடுக்கட்டும். பெத்த பிள்ளைக்கு மேலயா?" என்றார்.

சூடம் காட்டினார். நான் கை கூப்பினேன், பழக்கம். வெள்ளை வரட்டும் என்று மனசுக்குள் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முகமில்லாத ஒன்றைச் சாமி என்று இத்தனை காலம் சொன்னவள், அந்த நிமிஷம் அதற்கு ஒரு முகமும் இரண்டு காதும் இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் ஏங்கினேன்.

பிள்ளை குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

பூசாரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். நான் வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் சிவப்பு விழுவது சாதாரணம் என்று சொல்ல. அதற்குள் பிள்ளை பேசினாள்.

"நில்லுங்க."

ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய குரல் தகப்பனைப் பார்த்து வந்தது. அவன் நின்றான், திரும்பவில்லை.

"சாமி குத்தம்லாம் ஒண்ணும் இல்ல. அம்மனுக்கும் கோவமில்ல, அத்தை சொல்லுத சாமிக்கும் கோவமில்ல. எனக்குத்தான் கோவம்." பிரித்த இலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "கொட முடிஞ்சு வெதச்சாலும் அம்மா களைக்குப் போயிருப்பா, இடி விழுந்தாலும் விழுந்திருக்கும். அது எனக்குத் தெரியும். நான் அதுக்குச் சொல்லல. அன்னைக்கு அம்மா வாசல்ல நின்னு வேண்டாம்னு சொன்னா. நீங்க கேக்கல. அவ முன்னால கேக்கல, என் முன்னால சத்தம் போட்டீங்க. அவ என்னைக்குமே சொல்லி நீங்க கேட்டதில்ல. அதான் எனக்கு."

சூடம் அணைந்திருந்தது. தம்பி இப்போது திரும்பினான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, பூசாரியின் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருஷமாக அவன் அம்மன் காலடியில் தேடிக்கொண்டிருந்த கோபம் இங்கே இரட்டைச் சடை போட்டுக்கொண்டு நின்றது.

"ஆமாம்மா" என்றான். "கேக்கல. நான் கேட்டதே இல்ல."

பிள்ளை சிவப்பு அரளியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே மரியாதையாக வைத்தாள்.

"இப்பம் நான் சொல்லுதேன். கேப்பீங்களா?"

"சொல்லு தாயி."

"காட்ட உழுது விதைங்க. மழ வந்தா வரட்டும், வராட்டா போட்டும். அந்த மரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

பூசாரி என்னைப் பார்த்தார், நான் பூசாரியைப் பார்த்தேன். சிவப்பு வந்த பிறகு விதைப்பது வழக்கத்தில் இல்லை. அவர் தடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டினார்.

தம்பி டிரைவருக்குப் போன் போட்டான். இரண்டு தடவை தப்பான நம்பருக்குப் போனது. மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகப் பதில் வந்தது. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். தினமும் என்னிடம் கேட்கிற கேள்வி அவன் வாய் வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் பிள்ளையைப் பார்த்துக் கேட்டான்.

"சாப்டியாம்மா?"

"இல்லப்பா" என்றாள் அவள். "பசிக்கு."